ஆறாத இரும்பில் ஊற்றிய தீர்த்தம்

எனக்கு இரும்பு தெரியும், எழுத்து அவ்வளவாகத் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனாலும் இந்த ஒரு நாளை எழுதி வைக்க வேண்டும் என்று பல வருஷமாக நினைப்பு. வாயால் சொல்லப் போனால் பாதியில் எழுந்து போய்விடுகிறேன்.

அணா போய் நயா பைசா வந்த புதிது. தென்காசியில் ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. நாலு கல்தூணும் தகரக் கூரையும். வாசலில் நின்றால் விசுவநாத சுவாமி கோயில் கோபுரம் தெரியும். அந்த நாளில் அது பிளந்துபோய் இரண்டு பக்கமாக நின்றது. பிளந்தாலும் கோபுரம் கோபுரம்தானே. அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உலைக்குத் தீ வைப்பேன். வண்டிப் பட்டை, ஏர்க்கொழு, லாரி ஸ்பிரிங் என்று எது வந்தாலும் செய்வேன். கார்பைடு கல் போட்டு காஸ் வெல்டிங் வைக்கவும் பழகியிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் குற்றாலம் போய் அருவியில் தலை நனைத்துவிட்டு, ஒரு பித்தளைச் செம்பில் அருவித் தண்ணீர் பிடித்து வருவேன். குற்றாலநாதர் சந்நிதியில் அந்தச் செம்பை ஒரு நிமிஷம் வைத்து எடுப்பேன். எனக்கு அது தீர்த்தம். பட்டறையில் எந்தச் சாமான் முடிந்தாலும் அதன்மேல் அந்தத் தண்ணீரை விட்டு, திருநீறு பூசித்தான் கொடுத்து அனுப்புவேன். எங்கள் ஊரில் அதற்காகவே என்னிடம் வருகிறவர்கள் இருந்தார்கள்.

ஐந்தருவிக்கு மேலே மலையில் ஒரு தோட்டம். கிராம்பு, ஜாதிக்காய், கொஞ்சம் மிளகு. அந்தத் தோட்டத்தில் ஒரு ஜீப்பு ஓடியது. உலகச் சண்டை முடிந்தபிறகு பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. ஸ்டீயரிங் இடது பக்கம். கதவும் கிடையாது, கூரையும் பேருக்குத்தான். அதை ஓட்டியவன் என் மச்சினன், என் வீட்டுக்காரியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். எனக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவனும் கூடவே வந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன்தான் தெரியாமல் பார்த்துக்கொண்டான்.

அந்த வருஷம் ஆனி பிறக்கும்போது ஜீப்பின் சேஸ் விட்டுப்போனது. வண்டிக்கு அடியில் நெடுக ஓடுகிற இரண்டு சட்டங்களும், அவற்றைக் குறுக்கே பிணைக்கிற சட்டங்களும் சேர்ந்ததுதான் சேஸ். குறுக்குச் சட்டம் ஒன்று துருவேறி அப்பளமாக இருந்தது. இடது பக்க முன் ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸோடு பிடிக்கிற பிராக்கெட் பாதி கிழிந்து தொங்கியது. சென்னைக்கு எழுதிப் போட்டார்கள். அந்த மாதிரி வண்டிக்கு இனிமேல் சாமான் வராது என்று பதில் வந்தது. மச்சினன் வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் பட்டறையில் இறக்கினான்.

"அத்தான், நீங்கதான் பெத்துக் குடுக்கணும்" என்றான்.

பதினைந்து நாள் அதற்குக் கீழேயே கிடந்தேன். ஓடாத லாரி ஒன்றின் சேஸிலிருந்து துண்டு அறுத்து, குறுக்குச் சட்டத்தை அடித்து, பழுக்கக் காய்ச்சிய ரிவெட் வைத்து முடித்தேன். அது நன்றாக வந்தது. பிராக்கெட்தான் கடைசி. கிழிந்த பழசை அட்டையில் வைத்துக் கோடு இழுத்து அச்சு எடுத்தேன். நல்ல கனத்தில் தகடு கிடைக்கவில்லை. சும்மா கிடந்த லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்று கண்ணில் பட்டது. அதைவிட உரமான இரும்பு எது? அதையே வெட்டி, வளைத்து, ஸ்பிரிங் முனையைப் பிடிக்கிற இரண்டு காதுகளையும் வெல்டிங் வைத்து ஒட்டினேன்.

ஸ்பிரிங் இரும்பில் ஒரு விஷயம் உண்டு. வெல்டிங் வைத்ததும் அதைச் சாம்பலுக்குள் புதைத்துவிட வேண்டும். ஒரு பகல் ஓர் இரவு அது தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் அதற்குள் கோபம் தங்கி, பிறகு பாரம் விழும்போது விரிசல் விட்டுவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் செய்தேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை. ஏழு மணிக்கு வெல்டிங் முடித்துச் சாம்பலில் புதைத்தேன். ஒன்பதரைக்கு மச்சினன் வந்து நின்றான். சைக்கிளில் வந்த வேர்வையோடு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன அத்தான், கல்யாணப் பொண்ணு மாதிரில்லா மூடி வச்சிருக்கிய."

"ஏலே, ஆறட்டும். நாளைக்கு மாட்டுவோம்."

"நாளைக்கா? மூணு வாரமா தோட்டத்துல அரிசி தலச்சுமையாத்தான் ஏறுது. இன்னைக்கு நாலு மூடை கெடக்கு. மத்தியானத்துக்கு மேல சாரல் இறுகிட்டுன்னா பாரத்தோட மேல ஏற முடியாது. இன்னைக்கு வெள்ளிக்கெழம வேற, கிராம்பு பறிக்கப் போன பொம்பளைகள சாயங்காலம் கீழ கொண்டாந்து விடணும். தோட்டத்துக் கணக்கு ரைட்டர் என்னைய உரிச்சிருவாரு."

"பத்தரைக்கு ராகு காலம் தொடங்குதுலே."

"அதத்தான் சொல்லுதேன். அதுக்கு முன்னாடி எடுத்துருவோம்."

ராகு காலத்தில் ஒரு வண்டியை, அதுவும் சேஸ் கட்டின வண்டியை, அதுவும் அவன் ஓட்டுகிற வண்டியை வெளியே விட என் மனசு இடம் கொடுக்காது. பன்னிரண்டு மணி வரை நிறுத்தினால் அவனுக்கு மலை ஏற நேரம் இல்லை. சாம்பலைக் கிளறிப் பிராக்கெட்டைக் குறட்டால் எடுத்தேன். சிவப்பு போயிருந்தது. ஆனால் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை. மணி பத்து. எப்படி மாட்டுவது?

எப்படியும் தீர்த்தம் ஊற்றத்தானே போகிறோம் என்று தோன்றியது. சாமி தண்ணீர், கெடுதல் செய்யுமா? செம்பை எடுத்து, "குற்றாலநாதா" என்று சொல்லி, அதன் தலையில் முழுக்க ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி எழும்பி என் முகத்தில் அடித்தது. ஆவிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நகத்தால் மண்சட்டியைச் சுண்டின மாதிரி, 'டிக்' என்று. கேட்டேன். குறடு பட்டறைக் கல்லில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனா, நினைக்க ஆசைப்பட்டேனா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

பத்தேகாலுக்குப் போல்ட் முறுக்கி முடித்தேன். திருநீறு பூசினேன். நாலு சக்கரத்துக்கும் புளியங்குடி எலுமிச்சம்பழம் வைத்தேன். அவன் பழத்தை நசுக்கிக்கொண்டு பறந்தான். பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

வண்டி போனதும் பட்டறை வெறிச்சென்று ஆனது. பெருக்கிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்பிரிங் பட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டு காலில் இடறியது. அந்தச் சத்தம் திரும்பக் காதில் கேட்டது. பெருக்குமாற்றைப் போட்டுவிட்டு அந்தத் துண்டை உலையில் வைத்தேன். சிவக்கக் காய்ச்சி, சிவப்பு போகிற மட்டும் சாம்பலில் வைத்து எடுத்து, தண்ணீர் விட்டுத் தட்டிப் பார்த்தேன். அது ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஆறுதல். ஆனால் சாம்பலுக்குள் வெல்டிங் எவ்வளவு சூட்டோடு இருந்தது என்று யார் கண்டது? இன்னொரு தடவை காய்ச்சினேன். இந்தத் தடவை கருஞ்சிவப்பு லேசாக இருக்கும்போதே தண்ணீர் விட்டேன். கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கருப்பட்டி உடைகிற மாதிரி இரண்டாகப் போனது. உடைந்த வாயில் சீனி மாதிரி மணி மணியாக மினுங்கியது.

சுத்தியலைக் கீழே போட்டேன். கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏறும்போது பாரம் பின்சக்கரத்தில் விழும். அது ஒரு மாதிரி போய்ச் சேர்ந்துவிடும். இறங்கும்போது பிரேக் பிடித்தால் மொத்தப் பாரமும் முன்னால் வரும். அந்தப் பிராக்கெட் விட்டால் சக்கரம் பின்னால் வாங்கும், ஸ்டீயரிங் கையை விட்டுப் போகும். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. சாயங்காலம் அவன் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்குவான்.

மணி பன்னிரண்டரை. பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் ஓடிச் சட்டையை மாட்டினேன். வீட்டுக்காரி இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடாம எங்க கெளம்புதிய?"

"தோட்டம் வரைக்கும்."

"வண்டியிலயே ஏறிப் போயிருக்கலாம்லா? தம்பிக்கு என்னமும்…?"

"ஒண்ணுமில்ல. ஒரு போல்ட் பாக்கணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் திருநீற்றுப் பையையும் இரண்டு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன். அன்றுவரை அவளிடம் நான் பொய் சொன்னதாக ஞாபகம் இல்லை.

குற்றாலம் பஸ்ஸில் சீசன் கூட்டம். தலையில் எண்ணெய் வழிய ஆலங்குளத்துக்காரர்கள் ஒரு குடும்பமாக ஏறியிருந்தார்கள். எண்ணெய்க் கையோடு ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, அருவிக்குப் போற ஆளு மாதிரியா இருக்கிய? துட்டிக்குப் போற மாதிரில்லா இருக்கிய" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இழவுக்குப் போகிற முகமாம் எனக்கு. சாமி, இவர் வாயில் வந்தது வெறும் பேச்சாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பேரருவி கண்ணில் பட்டபோது கை தானாகக் குவிந்தது. இந்தக் கையால்தானே அந்தத் தண்ணீரை ஊற்றினேன் என்ற நினைப்பு வந்து, கையைக் கீழே போட்டேன்.

ஐந்தருவிக்கு நடந்தேனா ஓடினேனா தெரியாது. அங்கிருந்து தோட்டத்துப் பாதை. சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சேற்றில் ஜீப்பின் சக்கரத் தடம் பதிந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் தடம் நேராகப் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒரு வளைவில் தடம் ஓரத்துக்குப் போய்க் கண்ணுக்கு மறைந்தது. குனிந்து பார்த்தால், தண்ணீர் ஓடி அந்த இடத்தை அழித்திருந்தது. ஓர் ஆள் நீளம் தள்ளித் தடம் மறுபடியும் இருந்தது. பாறையில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அழுதேன்.

பாதி மலையில் ஓர் ஓடை பாதையைக் குறுக்கே தாண்டும். ஓடைக்கரையில் ஒரு சாஸ்தா பீடம். மேலேயிருந்து இறங்கி வந்தால், ஓடையைத் தாண்டியதும் பாதை கொஞ்ச தூரம் மேலே ஏறிப் பிறகுதான் இறங்கும். அந்த ஏற்றத்தில் வண்டி தன்னாலே வேகம் குறைந்து நிற்கும். என் மச்சினன் ஏறினாலும் இறங்கினாலும் அங்கே நிறுத்திச் சாஸ்தாவுக்குச் சூடம் கொளுத்தாமல் போகமாட்டான். நான் ஓடையைத் தாண்டி இன்னும் ஒரு பர்லாங் ஏறியிருப்பேன். மேலேயிருந்து ஜீப்புச் சத்தம் கேட்டது. கூடவே பெண்கள் குலவை போட்டுச் சிரிக்கிற சத்தம்.

கையைக் காட்டப் பாதை நடுவில் ஓடினேன். ஓடினவன் நின்றேன். செங்குத்தான சரிவு அது. என்னைப் பார்த்தால் அவன் என்ன செய்வான்? பிரேக்கை மிதிப்பான். அத்தான் நிற்கிறார் என்றால் முழு பலத்தோடு மிதிப்பான். பிராக்கெட் போகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லை. பாதையை விட்டுத் தாவி ஒரு நாவல் மரத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். அவன் உயிரைக் காப்பாற்ற வந்தவன் அவன் கண்ணில் படாமல் திருடன் மாதிரி ஒளிந்துகொண்டேன். ஜீப்பு என்னைத் தாண்டி நாலு முழத்தில் போனது. அவன் சிரித்துக்கொண்டு எதையோ சொன்னான். பின்னால் ஆறு பெண்கள். இடது முன்சக்கரம் பாறைக்கல்லில் ஏறி இறங்கியது. ஸ்பிரிங் முனகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "சாஸ்தாவே, உன் வாசலுக்குத்தானே வருகிறான், வந்து சேரவிடு" என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

பிறகு பின்னாலேயே ஓடினேன். ஓடை கண்ணில் பட்டபோது வண்டி அந்த ஏற்றத்தில் நின்றிருந்தது. அவன் பீடத்துக்கு முன்னால் குத்தவைத்து, சாரலில் அணைந்து அணைந்து போகிற சூடத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான்.

"எங்கன இருந்து வாறிய அத்தான்? மலையில இருந்து உருண்டா வாறிய?"

எனக்கு மூச்சு வாங்கியது. "எல்லாரும் எறங்குங்க. வண்டிய விட்டு எறங்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

"மழையில எறங்கச் சொல்லுதிய அண்ணாச்சி, எங்க ஊரு பண்பொழிக்கு நீங்களா தூக்கிட்டுப் போவிய?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "தூக்குற ஆளப் பாரு, அவரையே ரெண்டு பேரு தூக்கணும் போல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள்.

நான் சேற்றில் படுத்து வண்டிக்கடியில் நுழைந்தேன். பிராக்கெட் நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவன் குனிந்து, "இதுக்கா இவ்வளவு ஓட்டம்? ஒங்க வேலைல ஒங்களுக்கே நம்பிக்கை இல்லியா?" என்றான்.

"வண்டியில கெடக்குற அரிக்கேன் வெளக்க எடு."

விளக்கிலிருந்து மண்ணெண்ணெய் வடித்து, துணியில் நனைத்து, வெல்டிங் மேல் நன்றாகத் தேய்த்தேன். கொஞ்சம் பொறுத்து மேலே இருந்ததை ஒட்டத் துடைத்தேன். இரும்பில் கீறல் இருந்தால் எண்ணெய் அதற்குள் தங்கிவிடும். மேலே வெள்ளைப் பொடி தூவினால் கசிந்து காட்டிக்கொடுக்கும். பட்டறையில் சுண்ணாம்புப் பொடி வைத்திருப்பேன். அங்கே என்னிடம் இருந்தது திருநீறுதான். பையைக் கவிழ்த்து, விரலால் பிராக்கெட் முழுக்க அப்பினேன்.

அவனும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு திருநீற்றில் ஒரு மயிரிழை கறுத்தது. அது மெல்ல நீண்டது. காதின் ஒரு கரையிலிருந்து வெல்டிங்கைச் சுற்றிப் போய், மறுகரைக்கு விரல்கடை, ஒரு விரல் அகலம், இருக்கும்போதுதான் நின்றது.

அவன் விரலை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த விரக்கடைதான் ஒங்க ஏழு பேரையும் இதுவரைக்கும் கொண்டாந்துச்சு" என்றேன். "நாந்தாம்லே. சுடச் சுடத் தீர்த்தத்த ஊத்திட்டேன். சத்தமும் கேட்டுச்சு. கேட்டும் மாட்டி அனுப்பிட்டேன்."

சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி கொடுத்து, போல்ட்டைக் கழற்றினோம். கடைசிப் போல்ட்டுக்கு ஸ்பேனரை ஒரு தட்டுத் தட்டினேன். பிராக்கெட் இரண்டாகக் கையில் வந்தது. பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். வயதில் மூத்தவள் மட்டும் பீடத்துக்குப் போய், அணைந்த சூடத்தின் கரியைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "நடங்கட்டி" என்றாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே இறங்கினோம். மலை அடிவாரம் வரைக்கும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் வழுக்கிவிடாமல் இருக்கப் பிடித்தானா, அவனுக்குப் பயமா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் உடைந்த இரண்டு துண்டையும் வீட்டுக்காரி முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"சாமி தண்ணிதானேன்னு ஊத்துனிய, சரி. ஆறாத இரும்புன்னு தெரியும்லா?"

"தெரியும்."

"அப்ப சாமி மேல பாரத்தப் போட்டுட்டு நீங்க கைய ஒதறிக்கிட்டிய. அவ்வளவுதான்."

இருபது வருஷம் கோயிலுக்கு நடந்தவன் நான். அவள் சொன்ன மாதிரி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. துவட்டின துணியைக் கொடியில் போட்டுவிட்டு அவளே மறுபடியும் பேசினாள்.

"இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க. ஆனா மொதல்ல நீங்க அதுல ஏறி மலைக்குப் போய்ட்டு வரணும். அந்தச் சக்கரத்துக்கு மேலயே ஒக்காந்து. அதுக்கப்புறந்தான் எந்தம்பி பொம்பளைகள ஏத்தணும்."

மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை ஸ்பிரிங் பட்டையைத் தொடவில்லை. லாரி சேஸில் மிஞ்சிய இரும்பையே இரண்டு மடிப்பாக வைத்துச் செய்தேன். அதற்குத் தேவையே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் சாம்பலில் வைத்திருந்தேன். எண்ணெய் தேய்த்துச் சுண்ணாம்பு தூவி மூன்று தடவை பார்த்தேன். மச்சினன் பிராக்கெட்டைக் கையில் வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுனு இருக்கு அத்தான், இப்ப ஊத்துங்க" என்றான். செம்பை எடுத்தேன். ஊற்றாமல் அவனிடம் நீட்டினேன். அவனே வாங்கி, பிராக்கெட் மேல் கொஞ்சம் விட்டு, மீதியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

தோள்சுமையாகக் கொண்டுபோய் ஓடைக்கரையில் வண்டியில் மாட்டினோம். மேலே தோட்டம் வரை ஏறித் திரும்பினோம். இறங்கும்போது நான் இடது பக்க மட்கார்டு மேல், அந்தச் சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். வளைவுக்கு வளைவு அவன் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் என் காது சக்கரத்துக்குக் கீழேயே இருந்தது. நாவல் மரம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"பயமா இருக்கா அத்தான்?" என்று கேட்டான்.

"பாதையப் பாத்து ஓட்டுலே" என்றேன்.

பயமாகத்தான் இருந்தது. ஓடை வரும் வரை மட்கார்டைப் பிடித்த கையை நான் எடுக்கவே இல்லை.